ஊசிமுனை கேள்வி பதில்: யாருடைய அளவு ரவிக்கை?

1770-களின் இறுதியைச் சேர்ந்த ஆங்கிலேயக் கவுன் ஒன்றை, அருங்காட்சியக உடையிலிருந்து எடுத்த அளவுப்படத்தை வைத்து நான் தைத்ததைப் பற்றிச் சென்ற இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், ஊரில் யாரும் ரவிக்கையே தைப்பதில்லை போலிருக்கிறது. எனவே இந்த முறை கவுன் மட்டும்தான். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது பற்றிக் கேட்ட மூவரும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நீங்கள் சொன்னதுபோலக் கட்டம் போட்ட அளவுப்படம் ஒன்றைப் பெரிதாக்கி வெட்டினேன். இடுப்பு எனக்கு நான்கு அங்குலம் சிறியது. அதனால் எல்லாத் துண்டுகளையும் ஒரே விகிதத்தில் பெருக்கி மறுபடியும் வெட்டினேன். இப்போது இடுப்பு சரி. ஆனால் தோள் வழிகிறது, கழுத்து அகன்றுவிட்டது, கையைத் தூக்க முடியவில்லை. எங்கே தவறு செய்தேன்?
- வாசகி, பர்மிங்காம்

பதில்: விகிதத்தில். உங்கள் அம்மா தையல்காரருக்கு ரவிக்கைத் துணியோடு ஓர் அளவு ரவிக்கையும் சேர்த்துக் கொடுத்தனுப்பியிருப்பார், நினைவிருக்கிறதா? உங்கள் கையில் இருக்கும் தாளும் அப்படி ஓர் அளவு ரவிக்கைதான். என்ன, அதன் சொந்தக்காரி ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்கு முன்னால் இருந்தவள். பக்கத்து வீட்டு ஒல்லிப் பெண்ணின் ரவிக்கையைக் கொடுத்து ‘இதையே கொஞ்சம் பெரிதாகத் தையுங்கள்’ என்றால் என் அப்பா துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மதுரை புதுமண்டபத்தில் ஒரு தூணுக்கும் ஒரு தையல் மிஷினுக்கும் நடுவில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவர் அவர். ஆள் பருத்தால் இடுப்பு பெருக்கும், மார்பு பெருக்கும். தோள் எலும்பு நீளுமா?

இந்தக் கட்டப் படங்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் குழப்பம் பாதி தீரும். பிரிட்டனைச் சேர்ந்த ஜேனட் ஆர்னால்டு என்ற அம்மையார் அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய உடைகளைத் தையல் தையலாக அளந்து வரைந்தார். 1960-களிலிருந்து அவை அச்சில் வரத் தொடங்கின. நிஜத்தில் ஓர் அங்குலம் என்றால் தாளில் ஒரு நூல். அதாவது எட்டில் ஒரு பங்கு. நம் ஊர்த் தச்சரும் தையல்காரரும் பேசும் அதே நூல் கணக்கு. அப்படி வரைந்த படம் ஒரு சாட்சி மாதிரி. எங்கே எத்தனை அங்குலம் என்று கேட்டால் சொல்லும். எதை முதலில் தைப்பது என்று கேட்டால் வாயைத் திறக்காது. தையலுக்கு விட வேண்டிய துணியைக்கூடப் பெரும்பாலும் அதில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கவுனைத் தைத்தவளிடம் இப்படி ஒரு தாளே இருந்திருக்காது. அன்றைக்கு இஞ்ச் டேப்பும் கிடையாது. நீளக் காகிதப் பட்டை ஒன்றை உடம்போடு வைத்து, மார்புக்கு இங்கே, இடுப்புக்கு இங்கே என்று ஓரத்தில் சிறு வெட்டுகள் போட்டுக்கொள்வார்கள். பட்டையில் ஓர் எண்ணும் இருக்காது. அதன் பிறகு லினன் உள்துணியை வாடிக்கையாளர் உடம்பின் மேலேயே போட்டு, குண்டூசி குத்தி, அங்கேயே சரிசெய்து வெட்டுவார்கள். அது படிந்த பிறகுதான் மேல்துணியை அதன்மேல் மடித்து இறக்குவது. நாட்டுப்புறத்தில் இருந்த சீமாட்டிகள் லண்டன் தையல்காரிக்குப் பழைய கவுன் ஒன்றை அளவுக்காக அனுப்பிவைப்பதும் உண்டு. அதைப் படிக்கும் வரை அளவு ரவிக்கை நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்றே நினைத்திருந்தேன்.

இனி உங்கள் கவுன். நீங்கள் பெருக்கிய தாளைச் சுருட்டி வையுங்கள். படத்தை எட்டு மடங்கு மட்டும் பெரிதாக்கி, முதுகுத் துண்டை மலிவான காடாத் துணியில் வெட்டுங்கள். முன் துண்டை மட்டும் எல்லாப் பக்கமும் மூன்று அங்குலம் தாராளமாக விட்டு வெட்டுங்கள். பிறகு உள்ளங்கி, அதன்மேல் ஸ்டேஸ் என்கிற கட்டுக்கச்சு, அதன்மேல் உள்பாவாடை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, பொறுமையுள்ள ஒரு தோழியைக் கூப்பிடுங்கள். உங்களுக்குக் குறையும் நான்கு அங்குலமும் பக்கத் தையலிலும் முன் துண்டிலும்தான் சேர வேண்டும். முதுகின் நடுவே கழுத்திலிருந்து இறங்கி, இடுப்பில் ஒடுங்கி, அப்படியே வெட்டுப்படாமல் பாவாடைக்குள் ஓடும் அந்த மடிப்புகள் இருக்கின்றனவே, அவற்றின் அகலத்தில் கை வைக்காதீர்கள். கவுனின் முகம் முதுகில்தான் இருக்கிறது. அங்கே அரை அங்குலம் அகட்டினாலும் அது 1770-களின் கவுனாக இருக்காது, பள்ளி ஆண்டு விழா கவுனாகிவிடும்.

தோள்பட்டைத் துண்டு இந்தக் கவுனில் தனியாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. அது கடைசியாக உடம்பில் வைத்துச் சரிசெய்ய வேண்டியது. கையின் அடிப்பாதியை முதலில் கெட்டித் தையலாகத் தைத்துவிடுவார்கள். மேல்பாதியைக் கவுனைப் போட்டுக்கொண்டு நிற்கும்போதே தோளின் மேல் சிறுசிறு மடிப்பாக மடித்துக் குத்தி, அந்தப் பிசிர் ஓரத்தை மேல்துணியின் தோள்பட்டையால் மூடித் தைப்பார்கள். முதல் முறை இதைப் பார்த்தபோது, கைக்குழியை வளைத்து வளைத்து வெட்டி நாம் படும் பாடு எதற்கு என்று எனக்குத் தோன்றியது.

கை தூக்க முடியவில்லை என்றதும் கைக்குழியை இன்னும் தோண்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தோண்டாதீர்கள். ரவிக்கை தைக்கும் யாருக்கும் தெரிந்த விஷயம் இது: கைக்குழி கீழே இறங்க இறங்க, கையோடு ரவிக்கை முழுவதும் மேலேறும். குழி சிறியதாக, அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால்தான் கை தனியாக அசையும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேனே, முதல் கவுனில் நான் செய்தது என்ன தெரியுமா? இங்கிலாந்தில் ஒரு நாடக உடைப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். கச்சு தைக்க ஒரு மாதம் பிடிக்கும் என்று சோம்பல்பட்டு, சாதாரண உள்ளாடையின் மேல் அளவெடுத்து, மாதிரியும் தைக்காமல், மீட்டர் பதினெட்டு பவுண்டு கொடுத்து வாங்கிய லினனில் நேராகக் கத்தரி வைத்தேன். கவுன் முடிந்த பிறகு கச்சைத் தைத்துக் கட்டினேன். மார்பு இரண்டு விரற்கடை மேலே போய்விட்டது. கவுனின் கழுத்து வாயைப் பிளந்தது, வயிற்றருகே துணி உப்பி நின்றது. அந்த லினன் இப்போது எங்கள் வீட்டில் நான்கு தலையணை உறைகளாக இருக்கிறது. நல்ல உறைகள்.

கேள்வி: சேலை, பாவாடை தாவணி என்று நமக்கென்று ஆயிரம் இருக்க, வெள்ளைக்காரி போட்ட கவுனைத் தைத்துப் பக்கத்தை வீணாக்குகிறீர்களே, வெட்கமாக இல்லையா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, அந்த வெள்ளைக்காரி எந்த ஊர்த் துணிக்கு ஆசைப்பட்டாள் என்பதைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். சோழமண்டலக் கரையில் எழுதிய பருத்தித் துணிக்குத்தான். அவர்கள் அதைச் சின்ட்ஸ் என்றார்கள். படிகாரக் கரைசலைக் கலம்காரி எழுதுகோலால் துணியில் தீட்டி, சாயவேர் போட்டுக் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலம் வேண்டிய இடத்தை மட்டும் திறந்து வைத்து, மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். துவைக்கத் துவைக்கச் சாயம் போகவில்லை என்பதுதான் ஐரோப்பியப் பெண்களை மயக்கியது. அந்த வித்தை அங்கே அப்போது யாருக்கும் கைவரவில்லை.

அதனால் என்ன ஆயிற்று? உள்ளூர் நெசவாளர்களின் வயிற்றில் அடி. பிரான்ஸ் 1686-இல் இந்தத் துணிகளைத் தடை செய்து 1759 வரை தடையை நீக்கவில்லை. இங்கிலாந்து முதலில் இறக்குமதியைத் தடுத்தது. கூட்டம் அடங்கவில்லை. 1719-இல் லண்டன் பட்டு நெசவாளர்கள் தெருவில் பருத்திக் கவுனோடு போன பெண்களைத் துரத்தி, கவுனைக் கிழித்தார்கள், மையை ஊற்றினார்கள். 1722 முடிவிலிருந்து அப்படிப்பட்ட துணியை உடுத்துவதே குற்றம் என்று சட்டம் வந்தது. 1774-இல்தான், பிரிட்டனிலேயே நெய்து அச்சடித்த பருத்திக்கு அனுமதி கிடைத்தது. உள்ளூர்ச் சரக்கு என்று காட்ட, துணியின் ஓரக் கரையில் மூன்று நீல நூல் ஓட வேண்டும் என்று விதி. நான் தைத்தது அதற்குச் சில ஆண்டுகள் பிந்திய கவுன். அதன் மேல் படர்ந்திருக்கும் கொடியும் பூவும் நம் கரைத் துணியைப் பார்த்து அவர்கள் போட்ட நகல். தெரியாமல் திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் பக்கத்தில் எழுதும் கருப்பூர்க் கலம்காரி, கோயிலில் உருளையாகத் தொங்கும் தொம்பைக்கும் விதானத்துக்கும் உரியது. இந்தக் கதையைக் கேட்டு யாராவது அதைக் கவுனுக்கு வெட்டக் கிளம்பினால், நீங்களே தடுத்து நிறுத்துங்கள். வெள்ளைத் தரையில் இடைவெளி விட்டுக் கொடி ஓடும் சாதாரண அச்சுப் பருத்தி போதும். 44 அங்குல அகலத்தில் எனக்குக் கவுனுக்கு ஐந்தரை மீட்டரும் பாவாடைக்கு இரண்டேமுக்கால் மீட்டரும் பிடித்தன.

கேள்வி: நான் தையல் படிக்கும் மாணவி. ஓர் அளவுப்படத்தில் இடது கையில் மட்டும் சிறிய முக்கோணத் துண்டு ஒன்று தனியாக வருகிறது. வலது கையில் இல்லை. இது எதற்கு? கை அசைவதற்கா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஒட்டு, அம்மா. துணி பற்றவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் துணி விலை, தையல் கூலியை விழுங்கிவிடும் அளவுக்கு அதிகம். லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் நெய்த பட்டு, அகலம் இருபது அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். கையை வெட்டும்போது மூலை குறைந்தால், மீந்த துண்டை வைத்து ஒட்டிவிட்டுப் போவார்கள். அக்குளுக்குக் கீழே, மடிப்புக்கு உள்ளே, யார் பார்க்கப் போகிறார்கள்? சில சமயம் பெரிய பூவின் நடுவிலேயே ஒட்டு ஓடும். அதற்காக யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1740-களில் நெய்த பட்டு, 1770-களின் பாணியில் கவுனாக அருங்காட்சியகங்களில் இருக்கிறது. பாட்டியின் கவுனைப் பிரித்துப் பேத்திக்குத் தைத்திருப்பார்கள். பாவாடைப் பகுதியின் நெடுந்தையல்களை வெறும் ஓட்டுத் தையலாக, இடைவெளி விட்டுப் போட்டதற்கு ஒரு காரணம் இதுதான். பின்னால் ஒரே இழுப்பில் பிரிக்கலாம். எனவே படத்தில் அர்த்தமில்லாத ஒரு தையலோ பழைய மடிப்பின் தடமோ வந்தால், அது இரண்டாம் பிறவி எடுத்த கவுனா என்று முதலில் சந்தேகப்படுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒரு பழைய மடிப்புத் தடத்தை அலங்காரம் என்று நினைத்து, பட்டு நூலால் அழகாகத் தைத்து வைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

கேள்வி: பாவாடை உப்பி நிற்க உள்ளே இடுப்புத் திண்டு கட்டினால் பாவாடையின் பின்பக்கம் தூக்கிக்கொள்கிறது. கீழ் ஓரத்தை வளைத்து வெட்டிப் பார்த்தேன், அச்சுப் பூ கோணலாகிவிட்டது.
- வாசகி, சிங்கப்பூர்

பதில்: கீழே கத்தரி வைக்காதீர்கள். ஓரம் நேராகவே இருக்கட்டும். திண்டைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். தரையிலிருந்து ஒரே உயரத்துக்கு ஓரத்தைப் பிடித்து, மிச்சத்தை இடுப்புப் பட்டியில் சரிசெய்யுங்கள். திண்டு இருக்கும் பின்பக்கம் துணி அதிகம் கேட்கும், முன்பக்கம் குறைவாகக் கேட்கும். அன்றைக்கும் மேலேதான் வெட்டினார்கள். நீங்கள் கீழே வெட்டியதை என்ன செய்வது என்கிறீர்களா? ஓரத்தில் சுருக்குத் துணி ஒன்று வைத்துத் தைத்துவிடுங்கள். அதுவும் அந்தக் காலத்து வழக்கம்தான்.

கேள்வி: பாரிஸில் பழைய சாமான் சந்தையில் மெல்லிய காகித மாதிரிக் கட்டு ஒன்று வாங்கினேன். 1890-களின் மேல்சட்டை என்றார்கள். காகிதத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. ஆங்காங்கே ஓட்டைகள். பூச்சி அரித்ததா?
- வாசகி, பாரிஸ்

பதில்: பூச்சிக்கு அவ்வளவு வட்டமாக அரிக்கத் தெரியாது. அந்த ஓட்டைகள்தான் எழுத்து. கடையில் அளவு வாரியாகக் காகித மாதிரி விற்பதை அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் 1863-இல் தொடங்கினார், அதுவும் ஆண்கள், சிறுவர்கள் சட்டையில். பெண்கள் உடை சில ஆண்டுகள் கழித்து வந்தது. காகிதத்திலேயே கோடு அச்சடிக்கும் பழக்கம் அடுத்த நூற்றாண்டில்தான் பரவியது. அதுவரை வெட்டும் ஓட்டையும்தான். ஒரு கட்டில் ஒரே ஓர் அளவுதான் இருக்கும். ஒரே நேர்க்கோட்டில் வரும் ஓட்டைகள் பெரும்பாலும் பாவு நூல் ஓட்டத்தைக் காட்டும். ஜோடியாக வருபவை டார்ட்டையோ (துணியைக் கூராகப் பிடித்து ஒடுக்கும் தையல்) மடிப்பையோ காட்டலாம். உறை இருந்தால் அதில் விளக்கம் இருக்கும், தேடிப் பாருங்கள். முதல் வேலையாக வேறு தாளில் நகல் எடுத்துவிட்டு அசலைத் தட்டையாக வைத்துவிடுங்கள். குண்டூசி குத்தவே வேண்டாம்.

கேள்வி: கச்சை இறுக்கி இறுக்கி அந்தக் காலத்துப் பெண்கள் மயங்கி விழுவார்களாமே. அதை எதற்குத் தைக்கச் சொல்கிறீர்கள்?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: பதினெட்டாம் நூற்றாண்டில் பால் கறந்தவளும் மீன் விற்றவளும்கூடக் கச்சு கட்டியிருந்தார்கள். மயங்கி விழுந்தால் மீனை யார் விற்பது? நீங்கள் நினைப்பது அதற்கு நூறு ஆண்டு பிந்திய, இடுப்பை உடுக்கையாக்கும் கார்செட். முந்தைய கச்சு உடம்பைக் கூம்பாக நிமிர்த்தும். இடுப்புக்குக் கீழே துணியை வால் வாலாகக் கீறிவிட்டிருப்பதால் எலும்பில் உறுத்தாது. உள்ளே செருகியது திமிங்கல எலும்பு என்பார்கள். எலும்பே இல்லை, அதன் மேல்தாடையில் சீப்புபோலத் தொங்கும் தகடு. நான் போடுவது வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை. கச்சோடு ஒரு முறை நான்கு மணி நேரம் பஸ்ஸில் போயிருக்கிறேன். முதுகுவலி இல்லாமல் நான் இறங்கிய ஒரே பஸ் பயணம் அதுதான். குனிந்து செருப்பு மாட்டுவது மட்டும் நடக்காது. செருப்பை முதலில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் கையால்தான் தைக்க வேண்டுமா?
- வாசகர், ஈரோடு

பதில்: சிங்கர் காப்புரிமை பெற்றது 1851-இல். அதற்கு முந்தைய கவுன் என்றால் நியாயப்படி கைத்தையல்தான். ஆனால் உங்கள் மேல் வழக்குப் போட யாரும் வரப்போவதில்லை. பாவாடையின் நெடுந்தையல்களை மிஷினில் அடித்துவிடுங்கள். முதுகு மடிப்பும் கழுத்து ஓரமும் கைத்தையலாக இருக்கட்டும். மிஷின் அங்கே துணியை விறைக்க வைத்துவிடும்; பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே தெரியும். லினன் நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்துவிட்டுத் தைத்தால் சிக்காது. மெழுகு வாங்கச் சோம்பல்பட்டு மெழுகுவர்த்தியில் இழுக்காதீர்கள், பிசிறாக உதிரும்.

கேள்வி: முன்பக்கத்துக்குப் பொத்தானும் இல்லை, கொக்கியும் இல்லை, குண்டூசி குத்தி மூடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அச்சுப் பிழைதானே?
- வாசகி, மதுரை

பதில்: பிழை இல்லை. கொக்கியும் கயிறும் சில கவுன்களில் இருந்தன. ஆனால் குண்டூசி தினசரி வழக்கம். இரண்டு ஓரமும் நடுவில் சந்திக்கும் இடத்தில் ஊசியைப் படுக்கையாக விட்டு, கீழே இருக்கும் கச்சின் மேல்துணியையும் கொஞ்சம் கவ்வி, முனையை மறுபடி துணிக்குள்ளேயே ஒளித்துவிட வேண்டும். உடம்புக்கும் ஊசிக்கும் நடுவில் கச்சு இருக்கிறது, குத்தாது. சேலைக் கொசுவத்துக்குப் பின் குத்திப் பழகிய கைக்கு இது ஐந்து நிமிட வேலை. தலை சிறியதாக, உருண்டை பிளாஸ்டிக் வைக்காத ஊசியாக வாங்குங்கள்.

நான் பதினோரு ஊசி குத்துவேன். கழற்றும்போது பதினொன்றையும் எண்ணிக் கிண்ணத்தில் போடுவேன். ஒரே ஒரு நாள் பத்துதான் வந்தது. பதினோராவதை மறுநாள் காலை சோபாவில் என் கணவர் கண்டுபிடித்தார். கண்ணால் அல்ல.